ஆப்ஜெக்ட் பட்டியலை ஒரே சரமாகக் கோர்ப்பது எப்படி?

கேள்வி இது: சி ஷார்ப்பில் பயனர் ஆப்ஜெக்ட்கள் அடங்கிய ஒரு பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு பயனருக்கும் பெயர், எண், மின்னஞ்சல் என்று சில பண்புகள். எல்லாருடைய மின்னஞ்சல் முகவரிகளையும் அரைப்புள்ளியால் பிரித்து ஒரே சரமாக்கி, அஞ்சல் அனுப்பும் வகுப்பிடம் கொடுக்க வேண்டும். இப்போது ஒரு லூப் எழுதி, ஒவ்வொரு முகவரியையும் அரைப்புள்ளியோடு ஒட்டிக்கொண்டே போய், கடைசியில் மிஞ்சும் அரைப்புள்ளியை வெட்டியெறிகிறேன். வேலை நடக்கிறது, ஆனால் பார்க்க அசிங்கமாக இருக்கிறது. வேறு நல்ல வழி உண்டா?

உண்டு. ஒரே வரிதான். குறிமுறையில் வரும் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன்:

ஸ்ட்ரிங்.ஜாயின்(",", பயனர்கள்.செலக்ட்(ப => ப.மின்னஞ்சல்))

செலக்ட் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டிலிருந்தும் வேண்டிய எழுத்தை எடுத்துத் தருகிறது. ஜாயின் அவற்றுக்கு நடுவே பிரிப்பானை வைத்துக் கோர்க்கிறது. நீங்கள் அரைப்புள்ளி கேட்டிருக்க, நான் காற்புள்ளி போட்டிருக்கிறேன். அது கைத்தவறு அல்ல. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பழைய குறிமுறைகளில் இதே வரியின் இறுதியில் டூஅரே என்ற அழைப்பையும் பார்ப்பீர்கள். 2010இல் டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4 வரும்வரை ஜாயின் அணியை, அதாவது அரேயை, மட்டுமே ஏற்றுக்கொண்டது. செலக்ட் தரும் தொடரை அணியாக மாற்றித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. இன்று அது தேவையில்லை.

இனி உங்கள் லூப்புக்கு வருவோம். அதன் குறை அசிங்கம் மட்டும் அல்ல. ஐந்து மணிகளைக் கோர்த்தால் நடுவே இருப்பவை நான்கு இடைவெளிகள்தான். லூப்போ ஐந்து முறை பிரிப்பானைப் போடுகிறது. அந்த ஒன்று எப்போதும் மிச்சம். அதை வெட்டும் இடத்தில்தான் பிழைகள் குடியிருக்கின்றன.

என் சொந்தக் கதை ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் இரவில் தானாக ஓடும் ஒரு நிரலில் இதே லூப்பை எழுதியிருந்தேன். முடிவில் சரத்தின் நீளத்திலிருந்து ஒன்றைக் கழித்து, அதுவரை உள்ள பகுதியை எடுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் பட்டியல் காலியாக வந்தது. நீளம் சுழியம், ஒன்றைக் கழித்தால் மைனஸ் ஒன்று. நீளம் சுழியத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது என்று விதிவிலக்கு (எக்செப்ஷன்) எழுந்து நிரல் படுத்துவிட்டது. அதற்குப் பின்னால் வரிசையில் நின்ற வேலைகளும் அன்று நடக்கவில்லை. காலையில் வந்து பார்த்துவிட்டு, அவசரத்தில் ட்ரிம்எண்ட் போட்டுச் சரிசெய்தேன். சரத்தின் கடைசியில் எத்தனை பிரிப்பான்கள் இருந்தாலும் துடைத்துவிடும், காலிச் சரத்திலும் கோபித்துக்கொள்ளாது. பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

தீரவில்லை, இடம் மாறியது. இன்னோர் இடத்தில் அதே உதவிச் செயற்கூறைக் கொண்டு நான்கு பத்திகள், அதாவது அட்டவணையின் நெடுவரிசைகள், உள்ள வரிகளை உருவாக்கிக்கொண்டிருந்தோம். கடைசி இரண்டு பத்திகளும் காலியாக உள்ள வரி "அ;ஆ;;" என்று முடிய வேண்டும். ட்ரிம்எண்ட் அதை "அ;ஆ" ஆக்கிவிட்டது. நான்கு பத்திகள் வரும் என்று காத்திருந்த மறுமுனை நிரலுக்கு இரண்டுதான் கிடைத்தன. அதுவும் எல்லா வரிகளிலும் அல்ல, இறுதிப் பத்தி காலியாக இருந்த வரிகளில் மட்டும். முதல் பிழை சத்தம் போட்டது, அதனால் ஒரு காலைப்பொழுதில் பிடிபட்டது. இரண்டாவது சத்தமே போடாததால் அதைப் பிடிக்க வாரக்கணக்கானது. ஜாயினில் இந்த இரண்டு பள்ளங்களும் இல்லை: காலிப் பட்டியலுக்குக் காலிச் சரம், காலி உறுப்புகளுக்கு உரிய இடத்தில் உரிய பிரிப்பான்.

வேகத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். சி ஷார்ப்பில் சரம் ஒருமுறை உருவானால் மாறாது. ஒட்டுவதுபோல் தெரியும் ஒவ்வொரு முறையும், அதுவரை சேர்ந்த அத்தனையும் புதிய இடத்துக்குப் படியெடுக்கப்படுகின்றன. பிரிப்பானோடு சேர்த்து 20 எழுத்துகள் கொண்ட 10,000 உறுப்புகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறுதிச் சரம் 2 லட்சம் எழுத்துகள்தான். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் படியெடுத்த எழுத்துகள் சுமார் 100 கோடி. எழுத்துக்கு இரண்டு பைட் என்றால் ஏறத்தாழ 2 ஜிகாபைட் நினைவகத்தை வாரியிறைத்திருக்கிறீர்கள். பத்து உறுப்புகளுக்கு இந்தக் கணக்கு பொருட்டே இல்லை. வேகத்துக்காக ஜாயினுக்கு மாறுங்கள் என்று அப்போது சொன்னால் அது வீண் பயமுறுத்தல். பட்டியல் வளரும் என்று தெரிந்த இடத்தில் மட்டும் நினைவில் வையுங்கள்.

செலக்ட் போன்றவை அடங்கிய லிங்க் வசதியைக் கற்றுக்கொண்ட புதிதில் பலருக்கும் அக்ரிகேட் மேல் ஒரு மோகம் வரும். எனக்கும் வந்தது. முன்னதையும் பின்னதையும் காற்புள்ளியால் ஒட்டு என்று அதனிடம் சொன்னால், கடைசிப் பிரிப்பான் மிஞ்சாமல் அழகாகக் கோர்த்துத் தரும். ஆனால் அது லூப்பின் அதே இரண்டு நோய்களையும் புதுச் சட்டைக்குள் வைத்திருக்கிறது. தொடக்க மதிப்பு கொடுக்காமல் காலித் தொடரில் அழைத்தால் விதிவிலக்கு. மற்ற நேரத்தில் அதே படியெடுக்கும் செலவு. சரத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டும் ஸ்ட்ரிங்பில்டருக்கு நியாயமான இடம் உண்டு: ஓர் உறுப்பைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதற்கே நாலைந்து நிபந்தனைகள் இருந்து, ஒரு வரிக்குள் அடக்கினால் படிக்க முடியாமல் போகும் இடம். அங்கும் பிரிப்பானை உறுப்புக்குப் பின்னால் போடாதீர்கள். முதல் உறுப்பைத் தவிர மற்றவற்றுக்கு முன்னால் போடுங்கள். வெட்டும் வேலையே வராது.

கோர்ப்பது இவ்வளவுதான். உண்மையில் யோசிக்க வேண்டியவை இரண்டு: ஒவ்வோர் ஆப்ஜெக்ட்டும் எந்த எழுத்தாக மாற வேண்டும், கோர்த்ததை யார் படிக்கப்போகிறார்கள்.

முதல் கேள்வியை மொழியிடமே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை செய்து பாருங்கள். செலக்ட்டை எடுத்துவிட்டு ஆப்ஜெக்ட்களை அப்படியே ஜாயினிடம் கொடுத்தால், சி ஷார்ப் வகுப்பின் முழுப்பெயரை உறுப்புக்கு ஒருமுறை எழுதிவைக்கும். ஜாவாவில் ஆப்ஜெக்ட்டைச் சரமாக்கும் இயல்பான டூஸ்ட்ரிங், வகுப்பின் பெயரோடு '@' குறியும் ஒரு பதினறும எண்ணும் சேர்த்துத் தரும். ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட் என்று அடைப்புக்குறிக்குள் இரண்டு முறை முணுமுணுக்கும். பைத்தான் மட்டும் முரட்டுப்பிடியாக மறுத்துவிடும்: சரத்தை எதிர்பார்த்தேன், வேறு எதையோ கொடுத்திருக்கிறாய் என்று எத்தனையாவது உறுப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லி நின்றுவிடும். புதிதாக வருபவர்களுக்கு எரிச்சல் தரும் குணம்தான். எனக்குப் பிடித்த குணமும் அதுதான். குப்பையை உற்பத்தி செய்து அனுப்பிவைப்பதைவிட வாசலிலேயே மறிப்பது எவ்வளவோ மேல்.

டூஸ்ட்ரிங்கை மேலெழுதி, மின்னஞ்சலைத் தரும்படி செய்துவிட்டால் செலக்ட் தேவையில்லையே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். டூஸ்ட்ரிங் பிழைதேடும்போது கண்ணால் பார்ப்பதற்கு. இன்று உங்களுக்கு மின்னஞ்சல் வேண்டும், நாளை இன்னொருவருக்குப் பெயர் வேண்டும்; ஒரு வகுப்புக்கு டூஸ்ட்ரிங் ஒன்றுதான் இருக்கிறது. இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. சி ஷார்ப் 9இல் வந்த ரெக்கார்ட் வகைகள் தங்கள் பொதுப் பண்புகள் எல்லாவற்றையும் தாமாகவே டூஸ்ட்ரிங்கில் எழுதிக்காட்டும். யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு பயனர் வகுப்பை ரெக்கார்டாக மாற்றுகிறார். அதில் கடவுச்சொல்லுக்கும் ஒரு பண்பு இருக்கிறது. செலக்ட் இல்லாத உங்கள் ஜாயின் அன்றிலிருந்து அதையும் பதிவுக்கோப்பில் எழுதத் தொடங்கிவிடும். வேண்டிய பண்பைப் பெயர் சொல்லி எடுப்பது ஒரு சொல் கூடுதல் தட்டச்சு, அவ்வளவுதான்.

அடுத்தது நல், அதாவது மதிப்பே இல்லை என்பதற்கான குறி. பெயரில்தான் நல், குணத்தில் அல்ல. பயனர் ஒருவருக்கு மின்னஞ்சலே பதிவாகவில்லை என்றால்? சி ஷார்ப்பும் ஜாவாஸ்கிரிப்டும் நல்லைக் காலிச் சரமாக எடுத்துக்கொள்ளும். விளைவு, நடுவே அடுத்தடுத்து இரண்டு பிரிப்பான்கள். ஜாவா 8இல் வந்த ஸ்ட்ரிங் ஜாயின், நல் என்ற சொல்லையே நான்கு ஆங்கில எழுத்துகளில் எழுதிவைக்கும்; அந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறாரோ என்று படிப்பவர் மயங்குவார். கூகுளின் குவாவா நூலகத்தில் உள்ள ஜாயினர் நல்லைக் கண்டதும் விதிவிலக்கை எழுப்பும். தவிர்க்க வேண்டுமா, வேறு சொல் போட வேண்டுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கில் ஒரு விசித்திரமும் உண்டு. ஆப்ஜெக்ட் அணியை ஏற்கும் ஜாயினில் முதல் உறுப்பு நல்லாக இருந்தால், மீதி எத்தனை இருந்தாலும் விடை காலிச் சரம்! ஆவணத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அதைத் தேடிப் படிப்பவர் ஏற்கெனவே ஒரு மாலைப்பொழுதை இழந்தவராகத்தான் இருப்பார்.

உங்கள் தேவைக்குக் காலி முகவரிகள் எதற்கும் உதவாது, ஆகவே செலக்ட்டுக்குப் பின் வேர் என்ற அழைப்பைச் சேர்த்து அவற்றை வடிகட்டிவிடலாம். ஆனால் பத்திகளைக் கோர்க்கும்போது இதைச் செய்யாதீர்கள். அங்கே காலியும் ஓர் இடத்தைப் பிடித்திருக்கிறது. அதை எடுத்தால் மூன்றாவது பத்தி இரண்டாவதாகிவிடும்.

எண்களைக் கோர்ப்பவர்களுக்கு இன்னொரு வலை. ஜெர்மன் அமைப்பில் ஓடும் கணினியில் மூன்றரை என்பது "3,5" என்று எழுதப்படும். அங்கே 3.5, 4.25 ஆகிய இரண்டு எண்களைக் காற்புள்ளியால் கோர்த்தால் கிடைப்பது "3,5,4,25". இவை இரண்டு எண்களா, நான்கா? சரத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. எழுதியவருடைய கணினியில் எல்லாச் சோதனைகளும் தேறியிருக்கும். எந்திரம் படிக்கப்போகும் சரம் என்றால் செலக்ட்டுக்குள், எந்த நாட்டு வழக்கையும் சாராத இன்வேரியன்ட்கல்ச்சர் கொடுத்து எண்ணை எழுத்தாக்குங்கள். தேதியை ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் வையுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. படிப்பவர் மனிதர் என்றால் தொல்லை குறைவு. ஆனால் மொழி குறுக்கே வரும். ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதிய செயற்கூறுகள் கடைசி இரண்டு உறுப்புகளுக்கு நடுவே ஓர் இணைப்புச் சொல்லைப் போட்டு முடித்துவிடும். தமிழில் "மற்றும்" போட்டு ஒப்பேற்றலாம். ஆனால் நாம் இயல்பாக எழுதுவது "பெயரும் எண்ணும் முகவரியும்" என்றுதான். இங்கே பிரிப்பானே இல்லை. ஒவ்வோர் உறுப்பும் தன் வாலில் 'உம்' சேர்த்துக்கொள்கிறது, சேரும்போது ஈற்றெழுத்துக்கு ஏற்பப் புணர்ச்சியும் நடக்கிறது. இது ஜாயினின் வேலை அல்ல, செலக்ட்டின் வேலை. ஜாவாஸ்கிரிப்டில் இண்டில் லிஸ்ட்ஃபார்மேட் என்று இதற்கென ஒரு வசதி இருக்கிறது. மொழிக்கேற்ற இணைப்புச் சொல்லை அது பார்த்துக்கொள்ளும். புணர்ச்சி வரைக்கும் போகாது.

படிப்பது எந்திரம் என்றால், கோர்த்ததை அது மறுபடி பிரிக்கப்போகிறது. அப்போது ஒரே ஒரு கேள்விதான்: நீங்கள் தேர்ந்த பிரிப்பான் தரவுக்குள்ளும் வருமா? எண்களின் பட்டியலில் '|' வராது, நிம்மதியாகப் போடலாம். மனிதர்கள் கையால் தட்டச்சு செய்த பெயர்களிலும் முகவரிகளிலும் எந்தக் குறியும் வரலாம். இப்படி ஒரு குறியை யார் எழுதப்போகிறார்கள் என்று நினைத்து வைக்கும் குறியை யாரோ ஒருவர் ஒருநாள் எழுதியே தீருவார். யுனிக்ஸ் அமைப்புகளில் நிரல்களைத் தேடும் பாதைப் பட்டியலுக்குப் பிரிப்பான் முக்காற்புள்ளி. விண்டோஸில் அது அரைப்புள்ளி, ஏனென்றால் அங்கே வட்டின் எழுத்துக்குப் பின்னால் முக்காற்புள்ளி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. யுனிக்ஸில் கோப்புப் பெயருக்குள் சாய்கோடும் சுழிய பைட்டும் தவிர எதுவும் வரலாம், புதுவரிக் குறிகூட. அதனால்தான் கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையின் விளைவைச் சுழிய பைட்டால் பிரித்து அடுத்த கட்டளைக்குக் கொடுக்கும் வழக்கம் வந்தது.

ஆஸ்கி எழுத்துக்குறி அட்டவணையில் இந்த வேலைக்கென்றே குறிகள் ஒதுக்கியிருக்கிறார்கள்: 31 உறுப்பைப் பிரிக்க, 30 பதிவைப் பிரிக்க. யாரும் விசைப்பலகையில் தட்டாத குறிகள், ஆகவே மோதல் அரிது. அழகான தீர்வு, ஏனோ பயன்படுத்துவோர் குறைவு. கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்எம்எல் 1.0 கோப்புக்குள் அந்தக் குறிகளுக்கு அனுமதியும் இல்லை. இந்த இரண்டும் காரணமாக இருக்கலாம்.

வழக்கமான தீர்வு மேற்கோள் குறிகள்தான். 2005 அக்டோபரில் வந்த இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்எஃப்சி 4180, பத்திகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி வடிவத்தை எழுத்தில் வைத்தது: உறுப்புக்குள் காற்புள்ளியோ வரிமுறிவோ இரட்டை மேற்கோளோ இருந்தால் அந்த உறுப்பை இரட்டை மேற்கோளுக்குள் வை, உள்ளே உள்ள மேற்கோளை இரண்டாக எழுது. விதி சிறியதுதான், ஆனால் கையால் எழுதுபவர்கள் மூன்றில் ஒன்றை மறந்துவிடுகிறார்கள், பெரும்பாலும் வரிமுறிவை. ஆகவே சிஎஸ்வி என்றால் அதற்குரிய நூலகத்தை எடுங்கள். வடிவம் உங்கள் கையில் இருந்தால் ஜேசன் என்ற தரவு வடிவில் அணியாகவே அனுப்புங்கள்.

மேற்கோளால் தீராத ஒரு சிக்கலையும் காட்டுகிறேன். காலிப் பட்டியலைக் கோர்த்தால் காலிச் சரம். ஒரே ஒரு காலிச் சரம் உள்ள பட்டியலைக் கோர்த்தாலும் காலிச் சரமே. திரும்பப் பிரிக்கும்போது பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் காலிச் சரத்தைக் காற்புள்ளியால் பிரித்து ஓர் உறுப்புள்ள பட்டியலைத் தருகின்றன. அதாவது யாரும் இல்லாத பட்டியல் போய்விட்டுத் திரும்பி வரும்போது பெயரில்லாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருகிறது. ஜாவாவின் ஸ்ப்ளிட்டோ கடைசியில் உள்ள காலி உறுப்புகளை, வரம்பு எதுவும் கொடுக்காவிட்டால், கேட்காமலே உதறிவிடும். என் ட்ரிம்எண்ட் பிழையின் உடன்பிறப்பு. ஜேசனில் காலி அணியும் காலிச் சரம் உள்ள அணியும் வெவ்வேறாகவே எழுதப்படுவதால் இந்தக் குழப்பம் இல்லை.

தரவுத்தளத்தில் கோர்ப்பவர்களுக்கு ஓரிரு சொற்கள். எஸ்கியூஎல் சர்வரில் 2017 பதிப்பு முதல் ஸ்ட்ரிங் அக் இருக்கிறது; அதற்கு முன் எக்ஸ்எம்எல் வழியாகச் சுற்றிவளைத்துக் கோர்த்து, தரவில் '&' இருந்தால் அது உருமாறி நிற்பதைப் பார்த்து நொந்துகொள்வோம். போஸ்ட்கிரெஸ் 2010இல் வந்த 9.0 பதிப்பிலேயே அதே பெயரில் கொடுத்துவிட்டது. மைஎஸ்கியூஎல்லின் குரூப் கன்கேட் பழமையானது, எளியது. ஆனால் அதன் இயல்பான வரம்பு 1024 பைட். தாண்டினால் இயல்பாக ஓர் எச்சரிக்கையோடு மீதியை வெட்டிவிடும், எச்சரிக்கையை உங்கள் நிரல் பெரும்பாலும் படிப்பதே இல்லை. தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட் என்பதால் தமிழ்ப் பெயர்களுக்கு 340 குறிகளைத் தாண்டியதுமே வரம்பு வந்துவிடும். ஆரக்கிளின் லிஸ்ட்அக் வரம்பு தாண்டினால் பிழையை எழுப்பும். அது எவ்வளவோ நல்லது.

எண்களைக் காற்புள்ளியால் கோர்த்து எஸ்கியூஎல் வினவலின் அடைப்புக்குறிக்குள் செருகும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இன்று எண்கள் வரும் இடத்தில் நாளை பயனர் தட்டிய சரம் வரும், அதற்குள் ஒரு வினவல் ஒளிந்திருக்கும். அங்கே ஜாயினால் கோர்க்க வேண்டியவை மதிப்புகள் அல்ல, அளவுருக்களின் பெயர்கள். மதிப்புகளைத் தனியே கொடுங்கள்.

இப்போது நான் விட்டுவைத்த காற்புள்ளி. மின்னஞ்சல் தலைப்பின் வடிவத்தை வகுக்கும் ஆர்எஃப்சி 5322இன்படி முகவரிகளைப் பிரிப்பது காற்புள்ளி. அரைப்புள்ளி அவுட்லுக்கில் தட்டச்சு செய்து நமக்குப் பழகிப்போனது. டாட்நெட்டின் மெயில்மெசேஜ் வகுப்பில் டூ.ஆட் என்பதற்குப் பல முகவரிகளை ஒரே சரமாகக் கொடுக்கலாம், ஆனால் காற்புள்ளியால் பிரித்துத்தான். அரைப்புள்ளி கண்டால் விதிவிலக்கு. சரி, காற்புள்ளி போட்டாயிற்று. நாளை முகவரியோடு பெயரையும் சேர்க்கச் சொல்வார்கள். பயனர் ஒருவர் தன் பெயரைத் தலைப்பெழுத்து பின்னால் வர "செல்வன், க." என்று பதிந்திருப்பார். மேற்கோளுக்குள் வைக்க மறந்தால் ஒருவர் இரண்டு முகவரிகளாக உடைந்துபோவார்.

ஆனால் டூ என்பதே ஒரு பட்டியல்தானே! நீங்கள் கோர்த்துக் கொடுக்கிறீர்கள், அது வாங்கிய உடனே பிரித்துக்கொள்கிறது. நடுவில் சரம் எதற்கு?

ஃபார்ஈச் (வார் ப இன் பயனர்கள்) அஞ்சல்.டூ.ஆட்(நியூ மெயில்அட்ரஸ்(ப.மின்னஞ்சல், ப.பெயர்))

பிரிப்பானும் இல்லை, வெட்டுவதும் இல்லை, பெயரில் காற்புள்ளி வந்தால் மேற்கோள் போடுவதையும் அந்த வகுப்பே பார்த்துக்கொள்ளும். பெறுநர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள் என்றால் டூ இருக்கும் இடத்தில் பிசிசி என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவருடைய முகவரியை மற்ற எல்லாருக்கும் காட்ட வேண்டியதில்லை. முதலில் கொடுத்த ஜாயின் வரியைப் பதிவுக்கோப்பில் யார் யாருக்கு அனுப்பினோம் என்று எழுத வைத்துக்கொள்ளலாம். அங்கே அரைப்புள்ளியே போட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை.